நால்ரோடு வரைக்கும் ஒரு கோலம்

அந்தச் சீட்டு வேண்டாங்க தம்பி, நால்ரோடு போற வரைக்கும் மூஞ்சியிலயே வெயிலடிக்கும். இப்பிடி வந்து எம்பக்கத்துல உக்காருங்க. எந்த ஊட்டுக்கு ஒரம்பரையா வந்துட்டுப் போறீங்க? ஓ, முருகேசன் ஊட்டுக் காதுகுத்துக்கா. கறி நல்லா இருந்துச்சுங்களா? எனக்கும் சொல்லித்தான் இருந்தாங்க. பத்திரிகையப் பார்த்தேன், போகலை. 'ஊராட்சி மன்றத் தலைவர் திருமதி சாந்தாமணி அவர்கள் முன்னிலையில்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கறான். என்ற பேரை எங்க போட்டிருக்கறான்னு திருப்பித் திருப்பிப் பார்க்கறேன், அச்சகத்துக்காரன் போன் நம்பர்தான் இருக்குது.

நானுங்களா? நாச்சிமுத்து. தலைவர் வீட்டுக்காரர். எலந்தவலசுல எந்தக் கொழந்தையக் கேட்டாலும் சொல்லும். எனக்கு முன்ன எங்கப்பா தலைவரு, அப்பறம் நான் தலைவரு. அப்பறம் என்னமோ இந்தத் தடவை பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிப்போட்டாங்க. செரி, அதனால என்ன, ஊட்டுல ஒரு பொம்பள இருக்கறாளேன்னு என்ற ஊட்டுக்காரிய நிறுத்திச் செயிக்க வச்சேன். பேருதான் அவளுது. யூனியன் ஆபீஸுக்கு நான் போவேன், கூட்டத்துல நான் உக்காருவேன், கையெழுத்தையும் நானே போட்டுருவேன். அவளுக்கு எதுக்குங்க வீண் செரமம்? மாட்டைப் பார்ப்பாளா, சோத்தை ஆக்குவாளா, இதைப் பார்ப்பாளா. தலைவர் முத்திரை எப்பவும் இந்தச் சட்டைப்பையிலதான் இருக்கும். இங்க பாருங்க, வட்டமா ஊதாக்கறை. எத்தன சோப்பு போட்டுத் துவைச்சாலும் போக மாட்டேங்குது.

முத்திரை எங்கயா? வர்றேன், அதுக்குத்தான் வர்றேன்.

இந்தப் பஸ்ஸா? ஆமாங்க, புதுசுதான். ஆனி மாசத்துல இருந்து ஓடுது. நல்ல பஸ்ஸுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க, எனக்கு வவுறு எரியுது. இந்தப் பஸ்ஸு வந்து எங்கூருல இருந்த ஒரு காலேஜு போச்சு.

காலேஜுன்னா கட்டடம் இல்லீங்க. டவுனுக்கு இந்தப் பக்கமா, மலை ஓரமா ஒரு பெரிய காலேஜு இருக்குது பாருங்க, அவீங்க எங்கூரைத் தத்து எடுத்திருந்தாங்க. ஊரு மொகப்புல நீலப் போர்டு வச்சு, 'இக்கிராமம் எமது கல்லூரியால் தத்தெடுக்கப்பட்டது'னு எழுதி, அடியில என்ற பேரையும் போட்டிருந்தாங்க. என்ற ஊட்டுக்காரி ஒரு நாளு அதை எழுத்துக்கூட்டிப் படிச்சுப்போட்டு, "ஏனுங்க மாமா, நம்மூருக்கு அப்பன் ஆத்தா இல்லீங்களா"ன்னு கேட்டா. அன்னைக்கே நான் சுதாரிச்சிருக்கோணும். பொம்பளைக்கு என்ன தெரியும்னு விட்டுப்போட்டேன்.

மாசி பொறந்தா எங்கூருக்குத் திருவிழாவே அதுதானுங்க. பசங்களும் பிள்ளைங்களும் பஸ்ஸுல வந்து எறங்குவாங்க, ஒரு வாரம் பள்ளிக்கூடத்துல தங்குவாங்க. சேவை பண்ணோணும். சேவைக்கு மார்க்கு உண்டு. சேவை பண்ணாமப் பட்டம் குடுக்க மாட்டாங்களாம், அப்பிடிச் சட்டமாம். அதுக்கு ஒரு ஊரு வேணுமில்லீங்க? ஊருக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்க? அது நானு.

மரம் நடுவாங்க. மொத வருசம் பாவம், பட்டணத்துப் பிள்ளைங்க, கடப்பாறை புடிச்சுக் கையெல்லாம் கொப்புளமாப் போச்சு. அதைப் பார்த்து எனக்கு மனசு தாங்கலை. அடுத்த வருசத்துல இருந்து குழிய மூடாம அப்பிடியே வச்சுக்கிட்டேன். பள்ளிக்கூடத்து வேலியோரமா வரிசையாக் குழி. மாசியில வருவாங்க, அதே குழியில கன்னை வெப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, போவாங்க. சித்திரை வெயில்ல கன்னு காஞ்சுரும், குழி நமக்கு மிச்சம். புரபசர் குலசேகரன் சாரு, அவருதான் இதுக்கெல்லாம் பொறுப்பு, "உங்களாட்ட ஒத்துழைக்கிற தலைவரை நான் பார்த்ததே இல்லைங்க"ன்னு மேடையிலயே சொல்லிப்போட்டாரு.

அப்பறம் பிளாஸ்டிக் ஒழிப்பு ஊர்வலம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பேனரு. அப்பறம் பொம்பளைங்களுக்கு யோகா. பகல் முச்சூடும் மஞ்சக்காட்டுல குனிஞ்சு களையெடுத்துட்டு வந்தவளுங்களை மறுபடியும் குனியச் சொன்னா, எங்க ஊட்டுக்காரி, "குனியறது எங்களுக்கே வரும் கண்ணு, நிமுர்றதுக்கு எதாச்சும் இருந்தாச் சொல்லிக்குடு"ங்கறா. வாய்க் கொழுப்பு.

கடேசி நாளு நிறைவு விழா. மேடையில எனக்குப் பொன்னாடை. வருசா வருசம் பொன்னாடை. பீரோவுல அடுக்கி வச்சிருந்தேன். ஒரு மார்கழி விடியக்காலம் கொட்டாய்க்குப் போனா, கன்னுக்குட்டி சரிகை வச்ச பொன்னாடையப் போத்திக்கிட்டு நிக்குது. என்னடி இதுன்னா, "பனிக்குளுரு தாங்குதுங்க, நல்ல துணி"ங்கறா. இவகிட்ட மரியாதையப் பத்தி என்னத்தைப் பேசறது?

டிக்கெட்டுங்களா? ஒண்ணு குடுங்க கண்டக்டரே, காலேஜு ஸ்டாப்பு. பார்த்தீங்களா தம்பி, முன்னால உக்காந்திருக்கறவளுங்க ஒருத்திகிட்டயும் காசு கேக்கலை. நம்மூரு ஆளுங்கள்ல டிக்கெட் எடுத்து ஏறுனது நான் ஒருத்தன்தான்.

முன்னால மூணாவது சீட்டுல, பச்சைச் சேலை, மடியில தோல்பை வச்சுக்கிட்டு நேரா உக்காந்திருக்கறது. அதுதான் தலைவரு. பக்கத்துல கழுத்துல நீலக்கயிறு தொங்கவிட்டுக்கிட்டு உக்காந்திருக்கறது எங்க அம்மிணி, தாரணி. ஆமாங்க, என்ற மகதான். சத்தமாப் பேசறனுங்களா? கேக்கட்டும். கேக்கோணும்னுதான் பேசறேன்.

எல்லாம் இந்த அம்மிணியாலதான் வந்துச்சு. பன்னெண்டாவதுல நல்ல மார்க்கு. பள்ளிக்கூடம் நால்ரோட்டுல. எங்கூருக்கும் நால்ரோட்டுக்கும் நாலு கிலோமீட்டரு, பூராவும் கருவேலங்காடு. பிள்ளைங்க அல்லாரும் கூட்டமா நடந்து போயிட்டு வந்துருவாளுங்க. காலேஜுன்னா அப்பிடி இல்லீங்களே, விடியறதுக்குள்ள நால்ரோட்டுல போயி நிக்கோணும், பொழுது எறங்கித் திரும்பி வரோணும், அதுவும் தனியா. வயசுப் பொண்ணை எப்பிடிங்க விடறது? எங்கூருல எந்தப் பொண்ணும் பன்னெண்டாவதுக்கு மேல போனதில்லை. அம்மிணி ஒரே அழுகை. "நீங்க வாரத்துக்கு மூணு நாளு பைக்குல அந்தக் காலேஜுக்குத்தானுங்கப்பா போறீங்க, என்னையும் ஏத்திட்டுப் போங்க"ன்னுச்சு. போறேன், நான் இல்லைங்கலை. குலசேகரன் சாரைப் பார்க்கப் போவேன், விழாவுக்குப் போவேன். ஆனா தலைவருக்கு ஆயிரம் சோலி இருக்குமில்லீங்க? மகளைப் பின்னால வச்சுக்கிட்டுத் தெனமும் டிரைவரு வேலை பார்க்க முடியுங்களா? நான் பதமாத்தான் சொன்னேன். "கண்ணு, காலேஜே நம்மூருக்கு வருது. நீ எதுக்குச் சாமி காலேஜுக்குப் போகோணும்?"

அதுல என்னங்க தப்பு இருக்குது? அதுக்கு அம்மாளும் மகளும் என்னைப் பார்த்த பார்வை இருக்குதே. ரெண்டு நாளைக்குச் சோத்துல உப்பே இல்லை.

அப்பறம் போன மாசியில ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. திண்டுக்கல்லுப் பக்கம். சமூகப்பணி படிக்குதாம். ஒல்லியா, பெரிய கண்ணாடி போட்டுக்கிட்டு, யாரு பேசுனாலும் அவீங்க மூஞ்சியவே பார்த்துக்கிட்டு நிக்கும். குலசேகரன் சாரு அந்த வருசம் புதுசா ஒண்ணு கொண்டாந்தாரு. ஊருக்கு என்ன வேணும்னு ஊரே சொல்லோணுமாம். அதுக்கு ஊருப்படத்தை ஊரு சனமே கோலப்பொடியில தரையில வரையோணுமாம். கலர்ப்பொடி மூட்டை மூட்டையா வாங்கிட்டு வந்திருந்தாங்க. ஊருக்கு என்ன வேணும்னு நான்தான் வருசா வருசம் சொல்றேனே. நுழைவு வளைவு. பேரு போட்டு, மேல கலசம் வச்சு ஒரு வளைவு. வேற என்ன வேணும்?

இருந்தாலும் சாரு மனசு நோகப்படாதுன்னு ஆம்பளைங்க கூடி மாரியம்மன் கோயில் முத்தத்துல வரைஞ்சோம். நடுவுல கோயிலு. தெருவு மொனையில என்ற ஊடு. ரெண்டும் ஒரே அளவுல வந்துருச்சு, அது என்னமோ அப்பிடி அமைஞ்சு போச்சு. தண்ணி டேங்க்கு, ரேஷன் கடை, வரப்போற வளைவு. அம்சமா இருந்துச்சு. போட்டோ எடுத்தாச்சு, சோலி முடிஞ்சுதுன்னு பார்த்தா, இந்த ஜெசிந்தா, "சார், பெண்கள் தனியா ஒண்ணு வரையட்டுமே"ங்குது.

வரைஞ்சாளுங்க. ஊரு முச்சூடையும் ஒரு மூலையில கொழுக்கட்டையாட்ட வச்சுப்போட்டாளுங்க. கோயிலு ஒரு புள்ளி. என்ற ஊடு எங்கன்னு தேடிக் கண்டுபுடிக்கோணும். அப்பறம் ரோட்டைப் போட ஆரம்பிச்சாளுங்க. நால்ரோட்டுக்குப் போற ரோடு. போடறாளுங்க, போடறாளுங்க, முத்தத்தைத் தாண்டி, டீக்கடையத் தாண்டித் தெருவுல வந்துக்கிட்டே இருக்குது கோடு. எடையெடையில குந்திக்கிட்டு ஒரு பஞ்சாயத்து வேற. "இந்த எடத்துலதான் காடு ஆரம்பிக்குது." "பாலத்தை விட்டுப்போட்டியே, ரஞ்சிதத்துக்கு வலி எடுத்து அங்கதானே உக்காந்தா, வண்டி வராமப் பாலத்து மேலயே பெத்தாளே." "இங்க பிராந்திக்கடைக்கு வர்றவனுங்க வண்டிய நிறுத்திக்கிட்டு நிப்பானுங்க, இங்க செகப்பை எச்சாப் போடு." அப்பிடியே வரைஞ்சுக்கிட்டு வந்து, என்ற ஊட்டு வாசப்படியில பொடி தீந்துபோச்சு. நால்ரோடு இன்னும் வரலை.

எங்க அம்மிணி பாதி ரோட்டுல ஒரு புள்ளிய வச்சுட்டு அங்கயே குந்திக்கிச்சு. "இது என்ன இடம்?"னு ஜெசிந்தா கேட்டுச்சு. "எடம் இல்லீங்கக்கா, இது நானு. பன்னெண்டாவது முடிச்சுட்டு இங்க நிக்கறேன்"னுச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு தம்பி. நாலு பேரு முன்னால, தலைவர் மக பேசற பேச்சுங்களா அது? ஊட்டுக்குள்ள எத்தன வேணாலும் அழுதுக்கட்டும். ஊருக்கு முன்னால என்னை எங்க கொண்டுபோயி நிறுத்திப்போட்டா பாருங்க.

அதுல இருந்து அந்தப் பிள்ளைங்க போக்கே மாறிப்போச்சு. செவுத்துக்குப் பெயிண்டு அடிக்கறதை விட்டுப்போட்டு, வெள்ளனே எந்திரிச்சு எங்கூருப் பொம்பளைங்க கூட நால்ரோட்டுக்கு நடந்து போயிட்டு நடந்து வருதுங்க. குலசேகரன் சாரு தலையில கையை வச்சுக்கிட்டாரு. "நடக்கறதை எப்படிங்க போட்டோ எடுக்கறது? இதுல என்ன நடந்துச்சுன்னு ரிப்போர்ட்டுல எழுதுவேன்?"னு எங்கிட்ட வந்து பொலம்பறாரு. பாவமா இருந்துச்சு.

இதுக்கெடையில விழாவுக்குச் சிறப்பு விருந்தினரு அமையலை. கேட்ட பெரிய மனுசங்க ஒருத்தருக்கும் தோதுப்படலை. அன்னைக்குப் பொழுதோட எங்க ஊட்டுக்காரி தோசை வாத்துப் போட்டுக்கிட்டே, "பஸ்ஸு எங்கெங்க ஓடோணும்னு முடிவு பண்றவரு, அவரு காலேஜு தாளாளருக்குச் சொந்தமாமே. பெரிய காருல வருவாராம்"னு சும்மா பேச்சுவாக்குல சொன்னா. மக்யா நாளு காலையில எனக்கு ஒரு ரோசனை பளிச்சுன்னு தோணுச்சு. நேரா குலசேகரன் சாருகிட்டப் போயி, "சாரு, பஸ் இலாகாவுல ஒரு பெரிய அதிகாரி இருக்கறாராமே, உங்க தாளாளருக்குச் சொந்தம், அவரைக் கூப்புடலாமே"ன்னேன். "அருமையான ரோசனைங்க தலைவரே"ன்னாரு. என்ற மண்டையில எப்பிடித்தான் இதெல்லாம் உதிக்குதோன்னு எனக்கே அப்பப்ப ஆச்சரியமா இருக்கும்.

விழா அன்னைக்குப் பந்தல் போட்டாச்சு, மேளம் வந்தாச்சு, பொன்னாடை நாலு. நாற்காலியில ஆம்பளைங்கதான் இருக்கறானுங்க, பொம்பளை ஒருத்தியக் காணோம். அந்தப் பிள்ளைங்களையும் காணோம். கோவம் கோவமா வந்துச்சு. செரி, வர்றவரை மொதல்ல வரவேப்போம்னு பைக்கை எடுத்துக்கிட்டு நால்ரோட்டுக்குப் போனா, ரோடு நெடுக ஓரமாக் கோலப்பொடியில ஒரு கோடு ஓடுது. சுண்ணாம்பு, செம்மண்ணு, மஞ்சப்பொடி, கெடைச்சதை எல்லாம் போட்டு வரைஞ்சிருக்கறாளுங்க. எடையெடையில படம் வேற. நால்ரோட்டு மொனையில ரோட்டு அகலத்துக்கும் அடைச்சாப்புலத் தேர்க்கோலம், நடுவுல பூசணிப்பூ. ரெண்டு பக்கமும் எங்கூருப் பொம்பளைங்க அத்தன பேரும் தலைக்குப் பூ வச்சுக்கிட்டு நிக்கறாளுங்க, கூடவே அந்தக் காலேஜுப் பிள்ளைங்களும். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி. ஒரு விருந்தாளிக்கு நாலு கிலோமீட்டருக்குக் கோலம் போட்டு வரவேக்கற ஊரு வேற எங்கயாச்சும் உண்டுங்களா? பரவால்ல, நம்ம பொம்பளைங்களுக்கும் மரியாதை தெரிஞ்சிருக்குதுன்னு பூரிச்சுப் போயிட்டேன்.

காரு வந்துச்சு. டிரைவரு கோலத்தைப் பார்த்துட்டு நிறுத்திப்போட்டான். "சார், பூ வச்சிருக்காங்க, பொம்பளைங்க நிக்கறாங்க, எப்படி ஏத்தறது?"ங்கறான். அதிகாரி எறங்குனாரு. வெள்ளைச் சட்டை, பளபளன்னு சூ. நல்ல மனுசன். "எனக்காகவா இவ்வளவு பெரிய கோலம்? இதுமேல வண்டிய ஏத்தறது பாவம்ப்பா"ன்னாரு. என்ற ஊட்டுக்காரி முன்னால வந்து கும்புட்டுப்போட்டு, "சித்த நடந்தே வாங்க சாரு, கோலம் முடியற வரைக்கும்"னா. "அதுக்கென்னம்மா"ன்னு சிரிச்சுக்கிட்டே நடக்க ஆரம்பிச்சாரு. கோலம் எங்க முடியுதுன்னு அவருக்கு என்ன தெரியும்? பின்னாலயே பொம்பளைங்க ரோட்டை அடைச்சுக்கிட்டு நடக்கறாளுங்க. காரு எங்க வர்றது?

மொத வளைவுல கேட்டாரு, "இன்னும் எவ்வளவு தூரம்மா?" "இதோ, வந்துருச்சுங்க சாரு." அடுத்த வளைவுல கேட்டாரு. "இதோ, அந்தக் காடு தாண்டினா." எங்கூரு 'இதோ' அவருக்குப் பழக்கம் இல்லை. சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. செகப்பு அப்பியிருந்த எடத்துல, "இங்க எதுக்கும்மா இவ்வளவு செகப்பு?"னாரு. "இந்த எடம் வந்தா நாங்க பேச மாட்டமுங்க, வெரசா நடப்பமுங்க"ன்னு ஒருத்தி சொன்னா. அப்பறம் அவரும் வெரசா நடந்தாரு. பாலம் வந்ததும் முடியாம உக்காந்துட்டாரு. ரஞ்சிதம் வெக்கமே இல்லாம, "நானும் இங்கதானுங்க உக்காந்தேன்"னு புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு அவரு முன்னால போயி நிக்கறா.

எனக்குப் பொறுக்கலைங்க. பைக்கை அவரு பக்கத்துல கொண்டுபோயி நிறுத்தி, "ஏறுங்க சாரு, இந்தச் சனங்களுக்கு இங்கிதம் தெரியாது, நான் கொண்டுபோயி விடறேன்"னேன். அவரும் காலைத் தூக்கிட்டாரு. அப்பத்தான் எங்க அம்மிணி முன்னால வந்து, "அதுல எடமில்லீங்க சாரு. நான் கேட்டுப் பார்த்துட்டேன்"னுச்சு.

அம்புட்டுத்தான் சொல்லுச்சு. அவரு என்னைப் பார்த்தாரு. பைக்கைப் பார்த்தாரு. பின்சீட்டு சும்மாதான் இருந்துச்சு. தூக்குன காலைக் கீழ வச்சுட்டு நடந்து போயிட்டாரு. நான் பைக்கைத் தள்ளிக்கிட்டே பின்னால போனேன். ஏறி ஓட்டுனா நல்லா இருக்காதில்லீங்க.

மேடைக்கு வந்தவரு நாற்காலியில தொப்புன்னு உக்காந்து சூவைக் கழட்டுனாரு. குதிங்கால்ல கொப்புளம். மோரு குடிச்சாரு. நான் பொன்னாடையப் போத்தப் போனேன், வாங்கி மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டாரு. குலசேகரன் சாரு மைக்கைக் குடுத்தாரு. மைக்கை ஓரமா வச்சுட்டு எங்க ஊட்டுக்காரியக் கூப்புட்டு, "காலையில இந்த ரோட்டுல மொதல்ல நடக்கற பொண்ணு எத்தன மணிக்குக் கிளம்பும்?"னு கேட்டாரு. "தலைவரு நான் சொல்றனுங்க"ன்னு நான் எந்திரிச்சேன். "தலைவர் இவங்கதானே?"ன்னாரு. அவ்வளவுதான் விழா. நான் எழுதி வச்சிருந்த வரவேப்புரை சட்டைப்பையிலயே இருந்துச்சு.

ஆனியில பஸ்ஸு வந்துருச்சு. காலேஜு போயிருச்சு. "நம்ம சொந்தக்கார மனுசனை வேகாத வெயில்ல நடக்கவச்சு அவமானப்படுத்திட்டாங்க"ன்னு தாளாளருக்குக் கோவம். குலசேகரன் சாரை இந்தப் பொறுப்புல இருந்து எடுத்து ஹாஸ்டல் சோத்தை மேற்பார்வை பார்க்கப் போட்டுட்டாங்க. ஜெசிந்தாவுக்குச் சமூக ஈடுபாடுங்கற பாடத்துல மார்க்கைக் கொறைச்சுட்டாங்களாம். ஆளு வந்து போர்டைப் புடுங்கிட்டுப் போயிட்டான். இப்ப காரைக்காட்டுப்பாளையத்தைத் தத்து எடுத்திருக்கறாங்க. அந்தத் தலைவருக்குப் போன வாரம் பொன்னாடை. போட்டோவை எனக்கே அனுப்பிவிட்டிருக்கறான். என்ற குழி எல்லாத்துலயும் எங்க ஊட்டுக்காரி வேப்பங்கன்னு வச்சுத் தண்ணியும் ஊத்திப்போட்டா. அத்தனையும் புடிச்சுக்கிச்சு. நாளைக்கு அவீங்க திரும்பி வந்தாக்கூட நடறதுக்கு ஒரு குழி கெடையாது.

முத்திரையக் கேட்டீங்கல்ல. பஸ்ஸு வந்த மொத வாரம் யூனியன் ஆபீஸுல கூட்டம். நான் சட்டையப் போட்டுக்கிட்டு முத்திரையத் தேடறேன், காணோம். வெளிய வந்து பார்த்தா அவ சேலை கட்டித் தோல்பையோட நிக்கறா. "எங்கடி?"ன்னேன். "கூட்டத்துக்குங்க. பைக்கு இல்லாம இத்தன நாளு எப்பிடிப் போறது? இப்பத்தான் பஸ்ஸு இருக்குதே"ன்னா. சண்டை போடலாம்னு வாயத் தொறந்தேன். பஸ்ஸு வந்துருச்சு, அவ ஏறிட்டா. அதான் சொல்றேன், அந்தக் காலேஜு இருந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா? ஊரு மரியாதையா இருந்திருக்கும்.

இந்தா, யூனியன் ஆபீஸு வந்துருச்சு. எறங்கறா பாருங்க. இருங்க, எதுக்கு ஜன்னலண்ட வர்றா? என்னத்தை? ஆங், மாத்திரை போட்டுட்டேன். மோரு பையில இருக்குதா, செரி. செரிங்கறேன்ல, போ. பார்த்தீங்களா தம்பி, அவ பேசி முடிக்கற வரைக்கும் கண்டக்டரு விசிலே அடிக்கலை. எனக்கு ஒரு நாளு இந்தப் பஸ்ஸு நின்னிருக்குதா?

நானுங்களா? காலேஜுக்குத்தான். அவீங்களை எப்பிடியாச்சும் திரும்பி வரச் சொல்லோணும். போன வாரமும் போனேன். கேட்டுல வாட்ச்மேனு, "யாரு?"ங்கறான். "எலந்தவலசு தலைவர் வீட்டுக்காரர்"னேன். "அப்படி யாரும் லிஸ்டுல இல்லீங்க. இங்க படிக்கிற பிள்ளை யாருக்காச்சும் அப்பாவா இருந்தா உள்ள விடலாம், இல்லைன்னா முடியாது"ன்னுட்டான். எனக்கு ரோசமாப் போச்சு. எனக்கு மாலை போட்டு உள்ள கூட்டிட்டுப் போன கேட்டு அது. அப்பான்னு சொல்ல மாட்டேன்னு அங்க ஒரு புங்க மரத்தடியில பொழுதோட வரைக்கும் உக்காந்துட்டு வந்தேன். அம்மிணி பொழுதோட வெளிய வந்து என்னைப் பார்த்துச்சு. திரும்பற பஸ்ஸுல எனக்கு எடம் புடிச்சு வச்சிருந்துச்சு.

இந்தா, ஸ்டாப்பு வருது. அம்மிணி எந்திரிச்சுருச்சு பாருங்க, அந்தக் கயித்துல தொங்கறதுல போட்டோ எல்லாம் போட்டிருக்குது. பேருக்குப் பின்னால என்ற பேரையும் போட்டிருக்கறாங்க, நாச்சிமுத்துன்னு. வாட்ச்மேனு அதைப் பார்த்துட்டு அதுக்குச் சலாம் வெக்கறான் தம்பி.

அந்தப் பையைச் சித்த எடுத்துக் குடுங்க. அது வெரசா நடக்கும், பின்னாலயே போயிச் சேரோணும். இன்னைக்கு அவன் யாருன்னு கேட்டா, அந்தப் பிள்ளையோட அப்பான்னு சொல்லிப்போடலாம்னு இருக்கறேன். இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்.